லிப்டு வைத்த மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது

முத்தியால்பேட்டை,
ஐப்பசி மாதம், விடாத மழை.

பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் எங்கள் அருமை மாப்பிள்ளை ஹரிகிருஷ்ணன் அவர்களுக்கு, அத்தை தையல்நாயகி மரியாதையுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் மாமா தெய்வசிகாமணியும் கடவுள் புண்ணியத்தில் நலம். அங்கு நீங்களும், ஏழாம் மாதம் தொடங்கியிருக்கும் என் மகள் பூர்ணிமாவும் நலமாக இருக்க மணக்குள விநாயகரை வேண்டிக்கொள்கிறேன். கடிதத்தின் தலையில் “கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும் கலந்து” என்று எழுதியிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். வளைகாப்பு சாமான் எழுத வைத்திருந்த நோட்டு அது, கைக்கு இதுதான் கிடைத்தது. கையெழுத்து கோணலாக இருப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாப்பிள்ளைக்கு முன்னால் நின்று எதிர்த்துப் பேசும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. உங்களுக்கு இன்னொரு இட்லி வேண்டுமா என்பதைக்கூட நான் கதவுக்குப் பின்னால் நின்று உங்கள் மாமாவை விட்டுத்தான் கேட்டிருக்கிறேன். ஆனால் கடிதத்தில் யாரும் யார் முன்னாலும் நிற்க வேண்டியதில்லை. நான் இப்போது வசதியாகக் கால் நீட்டி உட்கார்ந்துதான் எழுதுகிறேன். காற்றும் நன்றாக வருகிறது. ஆகவே மரியாதைக்கு ஒரு குறைவும் வைக்காமல் எதிர்த்துப் பேசலாம் என்று இருக்கிறேன்.

ஆயுத பூஜை அன்றைக்கு வீடியோவில் எல்லார் காதும் கேட்க நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள். “அந்த லிப்டு இருக்கிற வீட்டுக்குப் பூர்ணிமாவை அனுப்ப மாட்டேன் அத்தை. வளைகாப்பு முடிஞ்சதும் அவ எங்க அம்மா வீட்டுக்கே போகட்டும்.” சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டீர்கள். அன்றையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தலைப்பிரசவம் மாப்பிள்ளை. ஒரே பொண்ணு. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு குத்துக்கல்லாட்டம் இங்கே இருக்கும்போது பொண்ணு ஆத்தைத் தாண்டி அரியாங்குப்பத்துக்கு மாமியார் வீட்டுக்குப் போனால், இந்தத் தெருவில் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு தண்ணி பிடிக்கப் போவேன்? அதனால் இப்பவே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்லவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது. பொண்ணு இங்கேதான் வரும். லிப்டும் இங்கேதான் இருக்கும். ரெண்டையும் பத்திரமாப் பாத்துக்க எனக்குத் தெரியும்.

முதல்ல ஒண்ணு கேக்கறேன். அந்த லிப்டை எங்க வீட்டுல கொண்டாந்து வெச்சது யாரு? நானா போயி, எங்க ஷெட்டுல நாலு இரும்புத் தூணை நட்டு, ரெண்டு நீட்டுப் பலகையில காரை ஏத்தி ஆளு உசரத்துக்கு மேல தூக்கி வைங்கன்னு கேட்டேன்? உங்க தாத்தா பிரெஞ்சு பட்டாளத்துல சொல்தாவா, சிப்பாயா, இருந்துட்டு வந்து ஆசையா வாங்கின காரு, விக்க மனசு வரலை, பெங்களூரு அபார்ட்மெண்டுல ஒரு வண்டிக்குத்தான் எடம், உங்க அம்மா சந்திரகலா சம்பந்தியோட வீடு இருக்கிற சந்துல சைக்கிளே திரும்பாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. மேல உங்க தாத்தா காரு, கீழ எங்க சின்ன காரு, ஒரு எடத்துல ரெண்டு வண்டின்னீங்க. மாப்பிள்ளை கேட்டா மாட்டேன்னு சொல்ற வீடா இது? சரின்னோம். வெச்சது நீங்க, வீட்டுக்கு ஆகாதுன்னு சொல்றதும் நீங்க. நல்லாருக்குது ஞாயம்.

போகும்போது செவத்துல பிளாஸ்டிக் ஒறை போட்டு ஒரு பேப்பர் ஒட்டிட்டுப் போனீங்க. தூக்குன பிறகு தூணுல இருக்கிற இரும்புக் கொக்கி, அதான் லாக்கு, அதுல உக்கார வெக்கணும், கீழ யாரும் நிக்கக்கூடாது, கீழ எந்தச் சாமானும் வெக்கக்கூடாதுன்னு. நான் இருபத்தெட்டு வருஷம் பால்வாடி டீச்சரா இருந்தவ. செவத்துல ஒட்டின பேப்பரைப் பாத்து எந்தப் பிள்ளையும் ஒழுங்கா நடந்தது கெடையாது, அது எனக்குத் தெரியும், ஆனாலும் நான் நடந்தேன். ஒரு சந்தேகம் மட்டும் வந்துச்சு. கீழ எதுவும் வெக்கக்கூடாதுன்னா எங்க காரு மட்டும் எப்பிடி அங்க நிக்கலாம்? காருக்கு ஒண்ணும் ஆவாதுன்னா மொளகாய் மூட்டைக்கு மட்டும் என்ன ஆயிடும்? கார் நசுங்கினா வீணாப் போச்சு. மொளகாய் நசுங்கினா மொளகாத்தூளு. இதை யோசிச்சுத்தான் மொளகாய் மூட்டை, அரிசி மூட்டை, பால்வாடியில எனக்குக் குடுத்து அனுப்பின மர யானை, உங்க மாமாவோட சாய்வு நாற்காலி எல்லாத்தையும் அங்க வெச்சேன். நாற்காலியில உங்க மாமாவும் இருந்தாரு. பேப்பர் படிக்க இந்த வீட்டுல அதைவிடக் குளுமையான எடம் கெடையாதாம். ஷெட்டுல மாட்டிட்டுப் போன கேமராவுல நீங்க பாத்துட்டு போன் பண்ணி எழுப்புனீங்க. எழுப்புனது தப்பில்ல. ஆனா அவரு தூங்குனது லாக்கு விழுந்த லிப்டுக்குக் கீழ, அதை மறந்துடாதீங்க.

ஏன்னா லாக்கு விழாத லிப்டுக்குக் கீழ படுத்திருந்த ஆளையும் நான் பாத்திருக்கேன். லிப்டு மாட்டின மறுநாளு, ஸ்பேனர் உருண்டு உள்ள போயிடுச்சுன்னு, காரு பாதி ஒசரத்துல வெறும் கம்பியில தொங்கிக்கிட்டிருக்கும்போது குப்புறப் படுத்து உள்ள ஊர்ந்து போனது நீங்க. அப்ப உங்க பேப்பரு செவத்துலதான் இருந்துச்சு, பசை கூட காயல. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு பாத்தேன், ஆனா மாப்பிள்ளைய அதட்டறது மரியாதை இல்லன்னு வாயில முந்தானைய வெச்சு அடைச்சுக்கிட்டேன். கேமரா உங்ககிட்ட மட்டும்தான் இருக்குதா? எனக்கும் ரெண்டு கண்ணு இருக்குது. சுவிட்சு பெட்டிக்குக் கீழயே தின்னர் பாட்டிலையும் பெயிண்டு டின்னையும் வெச்சுட்டுப் போனதும் நீங்கதான். நெருப்பு பட்டா ஷெட்டே போயிடும்னு நான்தான் அதையெல்லாம் எடுத்து, பாதுகாப்பா, பக்கத்து வீட்டு முருகையன் ஆட்டுக் கொட்டாயில வெச்சேன்.

முருகையன்னதும் ஆட்டுப் பேச்சு வந்துடுச்சு. அதையும் நீங்க என் கணக்குலதான் எழுதி வெச்சிருக்கீங்க, அதனால சொல்லிடறேன். போன வருஷம் பெருமழையில தெருவுல முழங்காலுக்கு மேல தண்ணி. எங்க காரை மேட்டுத் தெருவுல கொண்டு போயி உட்டுட்டோம், லிப்டுக்கு அடியில எடம் காலி. முருகையன் ஆட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு வந்து நிக்கிறான். கொட்டாய்க்குள்ள தண்ணி பூந்துடுச்சாம். வாயில்லா ஜீவன், தண்ணியில உட்டுடச் சொல்றீங்களா? பலகைய கீழ எறக்கி, உங்க காருக்கு முன்னாடி இருந்த எடத்துல ஆட்டை ஏத்தி, திரும்ப மேல தூக்கி, நாலு தூணுலயும் லாக்கு விழற சத்தத்தை எண்ணி, பேப்பர்ல சொன்னாப்பல லாக்குல உக்கார வெச்சேன். ஒடனே கரண்ட்டு போச்சு. அப்பதான் ஒரு விஷயம் தெரிஞ்சிச்சு, இது உங்க பேப்பர்ல எங்கயும் இல்ல: லாக்குல உக்காந்த லிப்டை கீழ எறக்கணும்னாலும் மொதல்ல கொஞ்சம் மேல தூக்கித்தான் லாக்கை விடுவிக்கணும், அதுக்குக் கரண்ட்டு வேணும். கரண்ட்டு இல்லன்னா மேல போனது மேலதான். கரண்ட்டு வர ரெண்டு நாளு ஆச்சு. ஆடு அங்கயே இருந்துச்சு. நான் ஒட்டடைக் கோல் நுனியில அகத்திக்கீரைய கட்டி நீட்டி நீட்டிக் குடுத்தேன். அது கீரையவும் தின்னுட்டு, வைப்பர் ரப்பரையும் தின்னுட்டு, பானெட்டு மேல ஏறிப் படுத்துக்கிச்சு. அந்தக் கீறல் அதனாலதான். கரண்ட்டு வந்து கேமரா திரும்ப ஓடுனப்புறம் நீங்க பாத்தது, ஆடு கேமராவ மொறைச்சுப் பாத்துக்கிட்டு அசை போட்டதை. பட்டனை அமுக்கப் போனா சத்தத்துக்கு ஆடு கீழ குதிக்கப் பாத்துச்சு, அதனால கடைசில முருகையன், தண்ணி வடிஞ்சப்புறம் கெடைச்ச அவன் ஏணிய கொண்டாந்து போட்டு, ஆட்டைத் தோள்ல தூக்கி எறக்கினான். ஒரு உசுரு பொழைச்சுது மாப்பிள்ளை. ஆபத்து ஆபத்துங்கறீங்க, அந்த லிப்டு காப்பாத்தினதை ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?

அதுக்கு முன்னாடி, நீங்க ஊருக்குப் போனப்புறம் மொத தடவ தூக்கும்போது டியூப் லைட்டு ஒடைஞ்ச கதையும் இருக்குது. உங்க மாமா பட்டனை அமுக்கறவரு பட்டனையே பாத்துக்கிட்டு நின்னாரு. பட்டன் எங்கயும் போவாது, மேல போறது காருதானே, மேல பாக்க வேணாமா? ஏரியல் கம்பி டியூப் லைட்டைத் தட்டி, கூரை ஷீட்டையும் பொத்துக்கிட்டு வெளிய போயிடுச்சு. மழை பெஞ்சா அந்தக் கம்பி வழியாவே தண்ணி எறங்கி நேரா டிரைவர் சீட்டுல சொட்டுது. இதை உங்களுக்குச் சொல்ல வேணாம்னு மாமா சொன்னாரு. கோவத்துல சொல்லிட்டேன், போவட்டும். மனுஷன் மில்லுல தறிங்களோட வேலை செஞ்சவரு, எல்லா எந்திரமும் தலைக்குக் கீழதான் இருக்கும்னு நெனப்பு அவருக்கு.

இப்ப எலுமிச்சம்பழத்துக்கு வர்றேன். எல்லாத்துக்கும் அதுதானே காரணம்.

ஆயுத பூஜைன்னா வண்டிக்குப் பூசை போட்டு, நாலு சக்கரத்துக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம் வெச்சு, வண்டிய அதும்மேல ஏத்தி நசுக்கணும். திருஷ்டி போவும். பொண்ணு முழுகாம இருக்கிற வருஷம், உங்க தாத்தா காருக்கு மட்டும் நசுக்காம உட்டா நாளைக்கு ஒண்ணுன்னா யார் தலையில வரும்? கீழ எறக்கித்தான் செய்யலாம்னு பாத்தேன். எங்க கார் பேட்டரி செத்துப் போயி அடியில அசையாம நிக்குது. தள்ளலாம்னா வாசல் மேடு. ராகு காலம் வந்துக்கிட்டே இருக்குது, வீடியோவுல நீங்களும் பூர்ணிமாவும் காத்துக்கிட்டு இருக்கீங்க. எறங்கலன்னா என்ன, நாமதானே மேல போவணும்? முருகையன் ஏணிய வாங்கிப் போட்டு, மேல ஏறி, சந்தனம் குங்குமம் வெச்சு, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெக்கப் போனா, அங்க ஏற்கெனவே ரெண்டு முக்கோணக் கட்டை இருக்குது. சக்கரம் நவுராம இருக்க நீங்க வெச்சுட்டுப் போன கட்டை. எலுமிச்சம்பழம் வெக்கற எடத்துல கட்டை இருந்தா எப்பிடி? எடுத்து ஓரமா வெச்சுட்டு, அந்த எடத்துல நாலு பழத்தை வெச்சேன். எங்க ஊர்ல யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க. சாமிக்கு எடம் உட்டுட்டுத்தானே மத்ததுக்கு?

உங்க மாமா உள்ள ஒக்காந்தாரு. வண்டிதான் ஸ்டார்ட்டே ஆவாதேன்னாரு. ஆவ வேணாம், ஹேண்ட் பிரேக்கை உடுங்க, வண்டி அது பாரத்துலயே நசுக்கிடும்னேன். உட்டாரு. நீங்கதான் பாத்தீங்களே. காரு முன்னாடி போவாம பின்னாடி உருண்டுச்சு. ரெண்டு பழம் நசுங்குச்சு, ரெண்டு பழம் தெறிச்சு எங்க காரு பானெட்டுல வந்து உழுந்துச்சு. பின்னாடி இருக்கிற தடுப்புப் பலகை நிமிந்து நின்னதால சக்கரம் அதுல முட்டி நின்னுடுச்சு, ஆனா காரோட வாலு நீளம் பாருங்க, அது மாடித் தண்ணித் தொட்டிக்குப் போற பைப்பைப் பேத்துடுச்சு. தொட்டி முழுக்க எங்க தலையில. கற்பூரம் அணைஞ்சுது, பொரி மெதந்துச்சு, உங்க தாத்தா காருக்குப் போட்ட மாலை மொளகாய் மூட்டை மேல வந்து உழுந்துச்சு. உங்க மாமா ரெண்டு கையையும் ஸ்டியரிங்குல வெச்சுக்கிட்டு, பஸ்ஸு ஓட்டறவராட்டம் நேராப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தாரு, இப்ப எறங்கலாமான்னு மட்டும் கேட்டாரு. போன்ல பூர்ணிமா “அப்பா அப்பா”ன்னு அலறினா. அதுதான் மாப்பிள்ளை என் மனசைக் கெடுத்துச்சு. மத்தது எதுவும் இல்ல. வயித்துல பிள்ளைய வெச்சுக்கிட்டு அவ அப்பிடிக் கத்தக்கூடாது. அப்புறம்தான் நீங்க அந்த வார்த்தைய சொன்னீங்க.

ஆனா ஞாயமா யோசிச்சுப் பாருங்க. யாருக்காவது ஒரு கீறல் உழுந்துச்சா? காருக்கு உழுந்துச்சு, அதை உடுங்க. அவ்வளவு பெரிய வண்டி உருண்டும் லிப்டு அசையல, லாக்கு வழுக்கல, தடுப்புப் பலகை தாங்குச்சு. கெட்டிக்கார லிப்டு. அதைப் போயி எடுக்க ஆள் அனுப்பறேங்கறீங்க. ஆளு வந்தா வாசல்ல ஒக்கார வெச்சு காப்பி குடுப்பேன், ஷெட்டுச் சாவி குடுக்க மாட்டேன்.

அன்னையிலருந்து நான் செஞ்ச ஏற்பாட்டையும் கேட்டுக்குங்க. ஷெட்டுக்குக் குறுக்கால கயிறு கட்டியிருக்கேன். பால்வாடி விசிலை எடுத்து மாட்டியிருக்கேன். மொத விசிலுக்கு உங்க மாமா வெளிய வந்து, ரெண்டு கையையும் எனக்குத் தெரியற மாதிரி தலைக்கு மேல தூக்கிக்கிட்டு நிக்கணும், அப்பதான் கை எங்கயும் மாட்டாது. ரெண்டாவது விசிலுக்கு நான் மேல பாத்துக்கிட்டுப் பட்டனை அமுக்குவேன். லாக்கு சத்தம் நாலு தூணுலயும் கேக்கற வரைக்கும் அவரு கைய எறக்கக்கூடாது. ஒரு தடவ மூக்கு அரிக்குதுன்னு எறக்கினாரு, மூலையில நிக்க வெச்சேன். சக்கரக் கட்டைய எடுக்கறதே இல்ல, பழத்தை இனிமே கட்டைக்குப் பக்கத்துலதான் வெப்பேன். மொளகாய் மூட்டை, மர யானை எல்லாம் வீட்டுக்குள்ள வந்தாச்சு. எங்க காருக்கும் வேற பேட்டரி போட்டு வெளிய நிறுத்தியாச்சு. கூடத்துல நடக்க எடம் இல்ல, ஆனா லிப்டுக்குக் கீழ ஒரு துரும்பு இல்ல. உங்க காருக்குள்ளயும் நான் எதையும் வெக்கறதில்ல, அதைத் தொடறதே இல்ல. கேமரா இருட்டா தெரியுதுன்னு கேட்டீங்களாம். அதும்மேல துணி போட்டது நான்தான். என் வீட்டுல நான் நடக்கறதை பெங்களூர்லருந்து பாக்க வேணாம். தொவைச்ச துணிதான் போட்டிருக்கேன்.

சம்பந்தியம்மா மேல எனக்கு ஒரு குறையும் கெடையாது. நல்ல மனுஷி, அவங்க வெக்கற மீன் கொழம்பு எனக்கு வராது, ஒத்துக்கறேன். ஆனா அந்த வீட்டு மாடிப்படி இருக்குதே, கைப்பிடியே இல்லாம, மழைன்னா பாசி புடிச்சு, நானே போன தடவ ஒக்காந்து ஒக்காந்து எறங்கினேன். அதுல ஏழு மாசப் பொண்ணு ஏறி எறங்கணுமாம். லிப்டுக்காவது நாலு தூணுலயும் லாக்கு இருக்குது. அந்தப் படிக்கு என்ன லாக்கு இருக்குது, சொல்லுங்க? அதுக்கு யாரும் பேப்பர் எழுதி ஒட்டலையே, ஏன்?

பூர்ணிமா பொறந்தது இந்த வீட்டுலருந்துதான். எனக்கு இடுப்பு வலி எடுத்தப்ப இதே வாசல்லருந்துதான் ரிக்ஷாவுல ஏத்திக்கிட்டுப் போனாங்க. அவளுக்கும் இதே வாசல்தான். பத்தியத்துக்கு வேணுங்கறதை வாங்கி வெச்சாச்சு, ரூமுக்கு வெள்ளை அடிச்சாச்சு, கட்டில் காலுக்கெல்லாம் கட்டை குடுத்து ஒசத்தியாச்சு, அதுவும் ஒரு லிப்டுதான்னு மாமா சொல்றாரு, நான் சிரிக்கல. வளைகாப்பு முடிஞ்ச சாயங்காலம் கார் முத்தியால்பேட்டைக்குத்தான் திரும்பணும். இல்லன்னா நான் அரியாங்குப்பத்துக்கு வந்து உங்க அம்மா வீட்டு வாசல்ல பாய் போட்டுப் படுத்துக்குவேன். பால்வாடி டீச்சர் சொன்னா சொன்னதுதான்.

எழுதினதுல ஏதாவது வார்த்தை தடிச்சிருந்தா அத்தைதானேன்னு பொறுத்துக்குங்க. உங்களுக்குச் சளி புடிச்சிருக்குதுன்னு பூர்ணிமா சொன்னா, ராத்திரி தயிர் வேணாம். அவளைக் குனிஞ்சு எதையும் எடுக்க உடாதீங்க. உங்க ரெண்டு பேருக்கும், உள்ள இருக்கிற மூணாவது ஆளுக்கும், ஒரு நோய்நொடி அண்டாம மணக்குளத்தான் பாத்துக்குவான். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க, படியைப் பத்தி எழுதினதைச் சொல்ல வேணாம்.

இப்படிக்கு,
கொஞ்சமும் விட்டுக்கொடுக்காத, ஆனால் மரியாதையுள்ள உங்கள் அத்தை,
தெ. தையல்நாயகி

பின்குறிப்பு: எழுதலாமா வேணாமான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். மழை உடல, கரண்ட்டும் வரல, எழுதிடறேன். மாப்பிள்ளை, நான் இந்தக் கடிதத்தை எழுதினது உங்க தாத்தா காரு பின்சீட்டுல ஒக்காந்துதான். காரு லிப்டு மேல இருக்குது. நானும்தான். காருக்குள்ள எதையும் வெக்கறதில்லன்னு மேல எழுதியிருக்கேன். டிக்கியில ரெண்டு அண்டா, குத்துவிளக்கு, சீர்வரிசைத் தட்டு, அப்புறம் பூர்ணிமா படுத்த தொட்டிலோட சங்கிலியும் கட்டையும் இருக்குது. ஓடாத காரு, பூட்டு நல்லா இருக்குது, எலி வராதுன்னு வெச்சேன். தொட்டிலை எடுத்து எண்ணெய் போட்டு வெக்கலாமேன்னு காலைல முருகையன் ஏணியில ஏறி வந்தேன். டிக்கிய தொறந்துக்கிட்டு இருக்கும்போது முருகையன் வந்து, கூரையில தார்ப்பாய் போடணும்னு ஏணிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான், நான் மேல இருக்கறது அவனுக்குத் தெரியாது. உங்க மாமாவைக் கூப்பிட்டு விசில் ஊதினேன். அவரு ஓடி வந்து கைய தலைக்கு மேல தூக்கிக்கிட்டு நின்னாரு. பட்டனை நீங்க அமுக்குங்கன்னு சொல்றதுக்குள்ள கரண்ட்டு போச்சு. ஏணி தேடப் போயிருக்காரு. போன் அடுப்படியில அடிச்சுக்கிட்டே இருக்குது, பூர்ணிமாவாத்தான் இருக்கும்.

இங்க ஒக்காந்து பாத்தா வேற மாதிரி இருக்குது மாப்பிள்ளை. காத்து பலமா அடிச்சா காரு லேசா ஆடுது, கையெழுத்து கோணலானது அதனாலதான். எட்டிப் பாத்தா தரை எங்கயோ இருக்குது. அந்த எடத்துல பூர்ணிமா வயித்தைப் புடிச்சுக்கிட்டு மெதுவா நடந்து போறாப்பல ஒரு நெனப்பு வந்துச்சு, அந்தப் பக்கம்தான் கெணத்தடிக்குப் போற வழி. அதுக்கப்புறம் நான் எட்டிப் பாக்கவே இல்ல. நீங்க சொன்னது சரிதான். லிப்டை எடுத்துக்குங்க. சாவிய குடுத்துடறேன். ஷெட்டையே இடிச்சாலும் நான் வாய் தொறக்க மாட்டேன். உங்க தாத்தா காரை வாசல்ல நிறுத்தி தெனம் நானே தொடைக்கிறேன். என் பொண்ணை மட்டும் என்கிட்ட அனுப்பி வைங்க.

இந்தப் பின்குறிப்பு உங்க கண்ணுல படாது. கீழ எறங்குன ஒடனே இதை மட்டும் கிழிச்சுட்டுத்தான் கடிதத்தைத் தபால்ல போடுவேன். நான் தோத்துட்டேன்னு நீங்க நெனைச்சுடக்கூடாது பாருங்க.

மாப்பிள்ளைக்கு மாமா தெய்வசிகாமணி எழுதுவது. உங்க அத்தை இந்தக் கடிதத்தைப் பழைய புடவையில ஒயர் கூடைய கட்டி மேலருந்து எறக்குனா. கடைசிப் பக்கம் நனையாம பத்திரமா வைங்க, நான் வந்துதான் அதைக் கிழிக்கணும்னு சொன்னா. நான் படிச்சுப் பாத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவ யாருக்கும் இப்படி எழுதிக் குடுத்தது கெடையாது. முருகையன்கிட்ட ஏணி வாங்கியாச்சு, என் கையிலதான் இருக்குது. தபாலாபீசு மூட இன்னும் கொஞ்ச நேரம் இருக்குது. அதனால கடைசிப் பக்கத்தையும் சேத்து மொதல்ல இதைப் போட்டுட்டு, திரும்பி வந்துதான் ஏணிய சாத்துவேன்.